பந்தி முடிந்த பிறகு சிரித்தவர்

தங்கராஜ் அண்ணாச்சி காலமான செய்தி வந்தபோது நான் திருப்பூர் முதலிபாளையத்தில், நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் கழிப்பறைகளை ஒரு வெளிநாட்டுத் தணிக்கையாளருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் விதிப்படி இருக்கிறது என்று அவருக்கு மெய்ப்பிப்பதுதான் என் உத்தியோகம். கைபேசியில் அழைத்தவர் எங்கள் சபையின் பொருளாளர்.

“அண்ணாச்சி தவறிட்டாருங்க. காத்தால ஊட்டுலயே உசுரு போயிருச்சாமா,” என்றார். நான் வாய் திறப்பதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிட்டது. “ஏனுங்க, ஃப்ளெக்ஸ் அடிக்கக் குடுக்கோணும். ‘தாழ்மையின் சிகரம்’னு போட்டாச் சரியா இருக்குமுங்களா? நீங்கதான் தமிழ் தெரிஞ்சவரு.”

அண்ணாச்சி இதைக் கேட்டிருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இணைப்பைத் துண்டித்தேன்.

மாலையில் ராயபுரம் ஆலயத்துக்குப் போனபோது வாசலில் அந்த ஃப்ளெக்ஸ் நின்றிருந்தது. நடுவில் சிலுவை. சிலுவையின் கீழே, ஏதோ திருமணத்தில் எடுத்த படத்திலிருந்து வெட்டி ஒட்டப்பட்ட அண்ணாச்சியின் முகம். அதைச் சுற்றிலும், அதைவிடப் பெரிய அளவில், கைகூப்பிய சபைக் கமிட்டி உறுப்பினர்கள். இறந்தவர் யார் என்று தெரியாத ஒருவர் பார்த்தால், கைகூப்பியவர்களில் யாரோ ஒருவர் என்றுதான் எண்ணுவார். எனக்குக் குமட்டியது. இச்சொல்லை அளந்தே எழுதுகிறேன்.

அடக்க ஆராதனையில் பொருளாளர் பேசினார். “அண்ணாச்சிய இந்த ஊழியத்துக்குள்ள கொண்டாந்ததே நம்ம கமிட்டிதானுங்க,” என்றார். மேடையில் இருந்தவர்கள் தலையசைத்தார்கள். ஆண்டுதோறும் மிகச் சிறந்த பணிவிடைக்காரரைத் தேர்ந்தெடுத்து, அண்ணாச்சியின் பெயரால் ‘தாழ்மைச் சுழற்கோப்பை’ வழங்கப்படும் என்றும் அறிவித்தார். அதற்கான தீர்மானத்தை எழுதித் தருமாறு மறுநாள் என்னைக் கேட்டார்கள். நான் எழுதவில்லை, சபைச் செயலர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன். சபையின் செய்திமடல் நான் எழுதும் எதையும் இனி வெளியிடாது. ஆகவே அண்ணாச்சியை நேரில் அறிந்த உங்களுக்கு மட்டும் இதைத் தனியாக அச்சிட்டு அனுப்புகிறேன்.

அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்தவர். தைத்து வரும் பனியன்களைத் தேய்த்து, மடித்து, உறையிட்டு அனுப்பும் ஒரு சிறு நிறுவனத்துக்கு முதலாளி. கார் வைத்திருந்தார். அசன விருந்தின் முதல் பந்தியில் உட்காரும் தகுதி அவருக்குக் கேளாமலே கிடைத்திருந்தது. தென் மாவட்டக் குடும்பங்கள் தங்களோடு இங்கே கொண்டுவந்த வழக்கம் அசனம் என்பதை நீங்கள் அறிவீர்கள்: பண்டிகை நாளில் சபையார் அனைவரும் ஒரே பந்தலில் அமர்ந்து சோறும் கறிக்குழம்பும் உண்பது. ஏழை, பணக்காரர், ஊர், குலம் என்ற வேறுபாடு அங்கே இல்லை என்று ஒவ்வோர் ஆண்டும் பிரசங்கத்தில் சொல்வார்கள். பிரசங்கம் முடிந்ததும் ரூத்தம்மா இலை எடுக்க வருவார்.

ரூத்தம்மா ஊத்துக்குளிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். அங்கேயே திருமுழுக்குப் பெற்றவர். எங்கள் சபையின் முழு உறுப்பினர். மற்ற நாட்களில் ஒரு கம்பெனியில் பனியனில் பிசிர் வெட்டும் வேலை. அசனத்தன்று மட்டும் கூலிக்கு எச்சில் இலை எடுப்பார். எல்லாரும் உண்டு எழுந்த பின், கழுவாத அண்டாவின் பக்கத்தில் நின்றுகொண்டே தாம் உண்பார். நற்கருணையில் அவரோடு ஒரே பாத்திரத்தில் பருகிய உதடுகள், பந்தியில் அவரோடு உட்கார்ந்து சோறு உண்டதில்லை. இதில் முறைகேடு இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

அண்ணாச்சிக்கும் நெடுநாள் தோன்றவில்லை. ஓர் ஆண்டு, முதல் பந்தியில் உண்டு முடித்தவர், தம் இலையை மடித்து எழுந்தார். என்ன நினைத்தாரோ, குனிந்து பக்கத்து இலையையும் எடுத்தார். அதற்கடுத்த இலை பொருளாளருடையது.

“அண்ணாச்சி, இதென்ன கூத்துங்க? அதுக்குத்தான் ஆளு இருக்குதுல்ல?”

“ஆளு சாப்பிடட்டும் ஐயா. எனக்கு வயிறு முட்டிட்டு. குனிஞ்சு நிமுந்தாத்தான் செமிக்கும்,” என்றார் அண்ணாச்சி. பிறகு, கூடையுடன் திகைத்து நின்ற ரூத்தம்மாவிடம் திரும்பினார். “தாயீ, நீங்க போய் உக்காருங்க. இன்னைக்கு ஒங்க எலைய நான்தான் எடுப்பேன்.”

“வேண்டாமுங்க சாமி, எனக்குச் சங்கட்டமா இருக்குதுங்க.”

“சங்கடத்துக்குன்னு ரெண்டு துண்டு கறி கூட வைக்கச் சொல்லுதேன். உக்காருங்க.”

ரூத்தம்மா அன்று பந்தியில் உட்கார்ந்தார். இலையைப் பார்த்தபடியே உண்டார். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாகக் குனிந்து போனார். போகும்போதே பேச்சு. “டீச்சரம்மா, இந்தக் கத்திரிக்கா என்ன பாவம் செஞ்சுது?” “ஏய்யா, எலும்ப நாய்க்காவது மிச்சம் வைக்கக் கூடாதா?” பொருளாளரின் இலையைக் கண்டதும், “பாயாசத்த இப்படி வழிச்சிருக்கியளே, சுகரு என்ன ஆச்சு? வீட்டம்மா கேட்டா நான் ஒண்ணும் பாக்கல!” என்றார். பந்தலே சிரித்தது. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் அவரிடம் பார்த்ததில்லை. தம் நிறுவனத்தில் அவர் கடுகடுப்பான மனிதர். பனியன் மடிப்பு ஒரு விரல் தவறினாலும் எரிந்து விழுபவர்.

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் இலை எடுப்பது அவர் வேலையாயிற்று. ரூத்தம்மா ஒவ்வோர் ஆண்டும் பந்தியில் உட்கார்ந்தார். பழகப் பழக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒரு முறை நான் ஆலயத்தின் பின்புறம் இலைக் குழியருகே அவரைத் தேடிப் போனேன். ஈ, நாய், காகம், வெயில். மென்று துப்பிய எலும்பும் புளித்த ரசமும் கலந்து எழுந்த நாற்றம். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டுதான் பேசினேன். உங்களுக்கு அருவருப்பு என்பதே இல்லையா என்று கேட்டேன். ‘தேவனுக்குச் செய்யும்போது நாற்றமும் நறுமணமே’ என்பது போன்ற ஏதோ ஒன்றை எதிர்பார்த்தேன். எங்கள் மேடைகளில் அப்படித்தான் பேசுவார்கள்.

“நாறத்தாம் சார் செய்யும்,” என்றார் அண்ணாச்சி. “எச்சியும் எலும்பும் சேந்து கெடந்தா மல்லியப்பூ வாசமா வரும்? எனக்கும் கொமட்டத்தாம் செய்யுது. ஆனா இப்படிக் குனிஞ்சு போய்க்கிட்டே இருக்கும்போது எங்கேருந்தோ ஒரு சந்தோசம் வருது, பாத்துக்கிடுங்க. பாட்டுல வரல. பிரசங்கத்துல வரல.”

“பிரசங்கத்தில் நீங்கள் உறங்குகிறீர்கள்,” என்றேன்.

“அதான் சொல்லுதேன்! அங்க தூக்கம்தான் வருது. சந்தோசத்த ஆண்டவரு எனக்கு இந்தக் குழிப்பக்கம் வச்சிருக்காரு. நான் என்ன செய்ய?”

அவர் பக்திமான் என்று எழுத எனக்கு மனம் இல்லை. ஆராதனைக்குத் தாமதமாக வருவார். பாட்டில் சுருதி சேராது. ஜெபக் கூட்டங்களை ஏதாவது சாக்குச் சொல்லித் தவிர்ப்பார். மகிழ்ச்சி எங்கே கிடைக்கிறதோ அங்கே தவறாமல் போய் நிற்பார், அவ்வளவுதான்.

கமிட்டியை அது உறுத்தத் தொடங்கியது. கார் வைத்திருப்பவர் எச்சில் இலை எடுக்கிறார் என்றால், கார் வைத்திருந்தும் எடுக்காதவர்களைப் பற்றி ஊர் என்ன நினைக்கும்? வரும் சபைத் தேர்தலுக்காக வாக்குச் சேர்க்கிறார் என்று முதலில் சொன்னார்கள். அவர் தேர்தலில் நிற்கவில்லை. பிறகு, இந்த ஊருக்கே உரிய ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். திருப்பூரில் எதை நடத்தினாலும் அதற்கு ஒரு டி-ஷர்ட் அடிப்பார்கள். பணிவிடைக் குழு ஒன்று அமைக்கப்பட்டு, அதற்கும் டி-ஷர்ட் அடிக்கப்பட்டது. நெஞ்சில் ‘பணிவிடைக்காரன்’ என்ற சொல். முதுகில், அதைவிடப் பெரிய எழுத்தில், பொருளாளரின் கம்பெனிப் பெயர். ஏற்றுமதித் தரம். தூய வெள்ளை.

அந்த ஆண்டு அசனத்தில் குழுவினர் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கையில் ஆளுக்கொரு வாழையிலை. யாரும் உண்ணாத, கழுவித் துடைத்த புது இலை. பந்தி முடிந்ததும் ஒருவரையும் காணவில்லை. கைகழுவும் இடத்தில் அகப்பட்ட ஒருவரிடம் நான் காரணம் கேட்டேன். மறைக்காமல் சொன்னார்: “வெள்ளத் துணியுங்க சார். கறிக்கொழம்பு பட்டாக் கறை போகாதுங்க.”

அண்ணாச்சிக்கும் ஒரு டி-ஷர்ட் கொடுத்திருந்தார்கள். கொடுத்ததைப் போட்டுக்கொண்டு வழக்கம்போலக் குனிந்தார். இரண்டாவது வரிசையிலேயே ஓர் இலை வழிந்து நெஞ்சிலிருந்து வயிறு வரை மஞ்சள் இறங்கியது. அவர் நின்று அதைப் பார்த்தார். தம் நிறுவனத்து மேசையில் ஒரு பனியனைப் பார்ப்பதுபோலத் துணியை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு சட்டென்று கழற்றி, உள்பனியனோடு நின்று, அதைப் பந்தாகச் சுருட்டி, பெஞ்சில் கொட்டியிருந்த பாயாசத்தைத் துடைத்தார். பெஞ்சு முடிந்ததும் தரையைத் துடைத்தார். பொருளாளர் அதைப் பார்த்துவிட்டார். அவர் கண்ணில் பட்டது, தம் கம்பெனிப் பெயர் இருந்த முதுகுப் பக்கம்.

மறுவாரம் கமிட்டி கூடியது. ‘ஊழியத்தை அவமதித்தார்’ என்பது குற்றச்சாட்டு. அண்ணாச்சி உண்மையாகவே விளங்காமல் விழித்தார்.

“கறை விழுந்துட்டு ஐயா. கறை விழுந்த பீஸ் ரிஜெக்ட். ரிஜெக்ட் பீஸ வச்சுத் தொடைக்கத்தான செய்வோம்? நம்ம எல்லா கம்பெனியிலயும் அப்படித்தான?”

“அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு பாத்தீங்களாங்க?”

“பாத்தேன். பணிவிடைக்காரன்னு எழுதியிருந்துது. தொடைக்கதுதான பணிவிடை?”

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அதனால் நிலைமை மோசமாயிற்று. இனி அசனத்தில் தங்கராஜ் இலை எடுக்கக் கூடாது, முதல் பந்தியில் அவரை உட்காரவைத்து மாலையிட்டு மரியாதை செய்ய வேண்டும் என்று தீர்மானம் முன்மொழியப்பட்டது. தண்டனையை மரியாதையாகப் பொட்டலம் கட்டியிருந்தார்கள். சபை விதிகளின்படி இலை எடுப்பது நியமனப் பதவி அன்று. நியமிக்கப்படாத ஒன்றிலிருந்து எவரையும் நீக்க முடியாது என்று நான் ஆட்சேபித்தேன்.

“விதியெல்லாம் பாத்துட்டிருந்தாச் சபை நடத்த முடியுங்களா சார்?” என்றார் பொருளாளர். போதகர் மேசைவிரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி எழுந்து நின்றார். அந்த மனிதர் கெஞ்சி நான் பார்த்தது அன்று ஒரு முறைதான். “என்னைய எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிட வேண்டாம். ஆலயத்துல கடைசி பெஞ்சுல உக்காரச் சொல்லுங்க, உக்காருதேன். அந்த எலைய மட்டும் எங்கிட்டருந்து எடுத்துராதீங்க ஐயா. வருசத்துல எனக்கு அந்த ஒரு நாள்தான் இருக்கு.”

கையுயர்த்தச் சொன்னார்கள். என் கை ஒன்றைத் தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஒரு மனிதரின் மகிழ்ச்சியைப் பறிப்பதற்குத் தேநீர் ஆறுவதற்குள் ஒருமனப்பட்ட அந்த முகங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் கசக்கிறது. செயலர் என்ற கடமையில், நிறைவேறிய தீர்மானத்தை உள்ளது உள்ளபடியே பதிவு செய்தேன்.

அடுத்த அசனத்தில் அண்ணாச்சியை மாலையோடு முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். சோற்றைப் பிசைந்தபடி இருந்தார், உண்ணவில்லை. பந்தி முடிந்தது. வெள்ளை டி-ஷர்ட்டுகள் படம் எடுத்துக்கொண்டு கலைந்தன. இலைகள் கிடந்தன, அடுத்த பந்திக்காரர்கள் நின்றபடி முகம் சுளித்தார்கள். பொருளாளர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ரூத்தம்மாவைக் கூப்பிட்டார்.

“ரூத்தம்மா, வந்து எடு. உனக்குப் பழகுன கைதான?”

ரூத்தம்மா தண்ணீர் குடித்துவிட்டு, தம்ளரை மெல்ல வைத்தார். “அண்ணாச்சியத்தான் உக்கார வெச்சுப்போட்டீங்க. இப்ப என்னைய எந்திரிக்கச் சொல்றீங்களாக்கு? நானுஞ் சபைதானுங்க.” எழுந்திருக்கவில்லை. முடிவில் பக்கத்துக் கம்பெனியிலிருந்து இரண்டு வடநாட்டுத் தொழிலாளர்களைக் கூலிக்கு அழைத்து வந்தார்கள். அவர்கள் உண்டார்களா என்று கமிட்டியில் ஒருவரும் கேட்கவில்லை.

அப்போது அண்ணாச்சி என்னருகே வந்தார். மாலை இன்னும் கழுத்தில் இருந்தது.

“சார், தீர்மானத்துல எலைன்னு மட்டுந்தான எழுதியிருக்கு?”

“ஆம். அசனப் பந்தியில் இலை எடுத்தல். வேறு எதுவும் இல்லை.”

“நெசமா?”

“நான் எழுதியது. ஒரு சொல்லும் கூடுதலாக இராது.”

அவர் முகம் மாறியதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். மாலையைக் கழற்றி நாற்காலியில் தொங்கவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஆலயத்தின் பின்பக்கக் கழிப்பறையை நோக்கி நடந்தார். காலையிலிருந்து கூட்டம் முழுவதும் பயன்படுத்திய கழிப்பறை. நடுப்பகலிலேயே தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டிருந்தது. அதன் பக்கம் போனவர்கள் துப்பிக்கொண்டே திரும்பினார்கள். சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து துடைப்பத்தின் ஓசையும், கூடவே சுருதி சேராத ஒரு பாட்டும் கேட்டன. இடையிடையே இருமல், “அடப் பாவிகளா!” என்ற ஒரு கூவல், அதைத் தொடர்ந்து அந்தச் சிரிப்பு. நான் வெளியே நின்றேன். உள்ளே போக என் குடல் சம்மதிக்கவில்லை.

வெளியே வந்தவர் நனைந்திருந்தார். “சார், இதுக்கு முன்னால எலை ஒண்ணுமே இல்ல!” என்றார், பரிசு விழுந்தவரைப்போல. அதன்பின் அவருக்கு ஆண்டில் ஒரு நாள் அல்ல, வாரந்தோறும் சனிக்கிழமை கிடைத்தது. அதைத் தடுக்கக் கமிட்டி ஒருபோதும் தீர்மானம் கொண்டுவரவில்லை. தடுத்தால் வேறொருவர் கழுவ வேண்டியிருக்கும்.

சென்ற ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. நான் பார்க்கப் போன நாளில் அவர் மனைவி சொர்ணம் அம்மாள் படுக்கையை மாற்றிக்கொண்டிருந்தார். அறையின் வாடையில் நான் வாசலிலேயே நின்றேன். அண்ணாச்சி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதுகொண்டிருந்தார். ஆண்டுக்கணக்காகப் பிறர் அழுக்கில் கைவைத்துச் சிரித்த மனிதருக்கு, தம் அழுக்கில் இன்னொருவர் கைவைப்பதைத் தாங்க முடியவில்லை.

“ஒரு ஆள வச்சிக்கிடலாம், சொர்ணம்,” என்றார். சொற்கள் குழறின. “ஒனக்கு எதுக்கு இந்த நாத்தம்?”

அந்த அம்மாள் கையை நிறுத்தவில்லை. நான் நிற்பதையும் பொருட்படுத்தவில்லை.

“ஆளா? கோயில்ல ஆளு வைக்க விட்டியளா நீங்க? இத்தன வருசமா நீங்க மட்டும் தனியாச் சந்தோசப்பட்டிய. ஒரு நாளாவது என்னையும் வான்னு கூப்பிட்டியளா? ‘நீ வீட்டப் பாரு’ன்னுட்டுப் போனிய. இப்பம் எனக்குக் கெடச்சிருக்கு. குறுக்க வராதிய. சும்மாக் கெடங்க.”

பிறகு, அசையக்கூடிய பாதி வாயால், அண்ணாச்சி சிரித்தார். முதலில் மூச்சாக வந்தது. பிறகு ஓசையாக வந்தது. அந்த அம்மாளும் சிரித்தார். “ஆட்டாதிய, துணி நழுவுது,” என்று சிரித்துக்கொண்டே அதட்டினார். அதன்பின் அவர் ஆள் வேண்டும் என்று கேட்கவில்லை என்று சொர்ணம் அம்மாள் என்னிடம் சொன்னார். இறந்த அன்று காலையிலும் அவரைக் கழுவித் துடைத்தது அந்த அம்மாளின் கைதான்.

ஃப்ளெக்ஸில் எழுதியிருந்த தாழ்மையை நான் அவரிடம் கண்டதில்லை. தாழ்மையாக இருக்கிறோம் என்ற நினைப்பு அவருக்கு ஒரு நாளும் வந்ததில்லை. நான் கண்டது பேராசை. ஆண்டவர் எங்கோ ஒரு மூலையில் வைத்த மகிழ்ச்சியை முந்திக்கொண்டு எடுத்துக்கொள்ளும் பேராசை. இறுதியில் அதைத் தம் மனைவிக்கும் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. கோப்பையில் பொறிக்க இதில் எதுவும் இல்லை.

அவருடையதாக நான் வைத்துக்கொள்வது அந்தப் பாதிச் சிரிப்பை. என் அருவருப்பையும் கூடவே வைத்துக்கொள்கிறேன். மனிதர்கள் மேல் எனக்குள்ளது, நாற்றத்தின் மேல் எனக்குள்ளது, இரண்டையும். அருவருப்பு தீர்ந்த பிறகு வா என்று அவர் என்னிடம் சொன்னதில்லை. சென்ற சனிக்கிழமை ஆலயத்தின் பின்பக்கக் கழிப்பறைக்குப் போனேன். இருமுறை வாந்தி எடுத்தேன். கழுவி முடித்தேன். அவர் சொன்ன சந்தோஷம் வரவில்லை. வரும் சனிக்கிழமையும் போவேன்.